நட்புக்கு எத்தனை மணி நேரம்?

லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கச் சேர்ந்த 54 புது மாணவர்கள் முதன்முறையாக ஓர் அறையில் கூடினார்கள். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு எண் தரப்பட்டது. அந்த எண்ணுள்ள நாற்காலியில்தான் உட்கார வேண்டும். எண்கள் குலுக்கல் முறையில் வந்தவை. பிறகு ஒவ்வொருவராகத் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள, மற்றவர்கள் அவரைப் பிடித்திருக்கிறதா, அவரோடு பழக விருப்பமா என்று மதிப்பெண் போட்டார்கள். ஓராண்டு கழித்து ஆராய்ச்சியாளர்கள் அதே மாணவர்களிடம் திரும்பிப் போய், இப்போது யாருக்கு யாரோடு எவ்வளவு நெருக்கம் என்று கேட்டார்கள். அன்று பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடையே நட்பு கூடுதல் வலுவோடு இருந்தது. ஒரே வரிசையில் இருந்தவர்களிடமும் அந்தச் சாயல் தெரிந்தது. இடையில் எத்தனையோ வகுப்புகளும் தேர்வுகளும் கொண்டாட்டங்களும் நடந்து முடிந்திருந்தும், முதல் நாள் குலுக்கலின் சுவடு அழியவில்லை. மிட்யா பேக் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு, இரண்டு பெட்டியும் ஒரு முதுகுப்பையுமாக விமானம் ஏறும் நம் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் சுமார் 49,000 பேர். அந்த நாட்டில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் மிகப் பெரிய கூட்டம் நம்மவர்கள்தான். அனுமதிக் கடிதம் வாங்குவது, விசாவுக்குத் தேதி பிடிப்பது, ‘பிளாக்டு அக்கவுண்ட்’டில் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவைப் போட்டுவைப்பது, இதையெல்லாம் சொல்லித்தர ஏஜென்ட்களும் யூடியூப் சேனல்களும் நிறைய இருக்கின்றன. போய் இறங்கி மூன்று வாரம் ஆன பிறகு, “பேசறதுக்கு இங்க ஒரு ஆள் இல்லம்மா” என்று குரல் கம்மும் நேரத்துக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. பிள்ளைக்குக் கூச்ச சுபாவம், அதனால்தான் யாரோடும் ஒட்டவில்லை என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளையும் அதையே நம்பிவிடுகிறது. சுபாவத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் நட்பு உருவாவதில் இடத்துக்கும் நேரத்துக்கும் இருக்கும் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது. அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

முதலில் அளந்தது அமெரிக்காவில், எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் மாணவர் குடியிருப்பில். இரண்டாம் உலகப் போர் முடிந்து, போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் மனைவி மக்களோடு படிக்க வந்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பின் பெயர் வெஸ்ட்கேட். அதன் ஒரு பகுதியில் 17 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு தளங்கள், தளத்துக்கு ஐந்து வீடுகள். காலியாகும் வீடு வரிசைப்படி அடுத்தவருக்குப் போகும். பிடித்த அண்டை வீட்டைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், குர்ட் பேக் ஆகிய மூவரும் அங்கே வீடு வீடாகப் போய், இந்தக் குடியிருப்பில் நீங்கள் அதிகம் பழகும் மூன்று பேர் யார் என்று கேட்டார்கள்.

விடை 1950இல் புத்தகமாக வந்தது. அடுத்த கதவில் இருந்தவரை நண்பர் என்று சொல்லும் வாய்ப்பு 41 சதவீதம். ஒரு கதவு தள்ளி இருந்தால் 22. இன்னும் ஒன்று தள்ளினால் 16. அதே தளத்தின் இரு கோடிகளில் இருப்பவர்களுக்கு 10 சதவீதம்தான். இரண்டு கதவுகளுக்கு நடுவே இருந்த தூரமோ சுமார் 19 அடி! நாலு எட்டு எடுத்துவைத்தால் சேர்ந்துவிடும் தூரம், யார் நண்பர் என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது. அதைவிட வியப்பு மாடிப்படி விஷயம். கீழ்த்தளத்தில் படிக்கட்டின் அடியில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்தில் நண்பர்கள் அதிகம். தபால் பெட்டிகள் இருந்த முனையிலும் அப்படியே. மேலே போகிறவரும் கடிதம் எடுக்க வருகிறவரும் அந்தக் கதவைத் தாண்டித்தானே போக வேண்டும்! குடியிருப்பின் இன்னொரு பகுதியில் தனி வீடுகள் ஒரு முற்றத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. வாசல் முற்றத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து அமைந்த வீட்டுக்காரர்களுக்கு, மற்றவர்களுக்கு இருந்ததில் பாதி நண்பர்கள்கூட இல்லை. வாசலை எந்தத் திசையில் வைப்பது என்று முடிவு செய்த கட்டடக் கலைஞர், தனக்கே தெரியாமல் நட்புகளையும் முடிவு செய்திருக்கிறார்.

ஏன் இப்படி? திரும்பத் திரும்பக் கண்ணில் படும் முகத்தை மூளை மெல்ல மெல்ல ஆபத்தில்லாத பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மோர்லாண்ட், பீச் என்ற இருவர் இதை அழகாகச் சோதித்தார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்த நான்கு பெண்களில் ஒருவர் ஒரு பெரிய வகுப்புக்கு 5 முறை வந்து உட்கார்ந்தார், ஒருவர் 10 முறை, ஒருவர் 15 முறை, இன்னொருவர் வரவே இல்லை. யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பருவ முடிவில் மாணவர்களிடம் நால்வரின் படங்களைக் காட்டியபோது, அதிக முறை வந்து போனவரே கூடுதலாகப் பிடித்திருந்தது. பார்த்த ஞாபகம்கூடப் பலருக்குத் தெளிவாக இல்லை. 1992இல் வெளியான ஆய்வு இது. வகுப்பில் தினமும் ஒரே இடத்தில் உட்காருங்கள் என்று வெளிநாடு போகும் மாணவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது இதனால்தான். ஒரு யூரோ செலவில்லாத வேலை.

ஜெர்மனியில் வெஸ்ட்கேட்டின் படிக்கட்டுக்கு இணையான இடம் விடுதியின் பொதுச் சமையலறை. மாணவர் விடுதிகளில் பல இடங்களில் அறை தனி, சமையலறை பொது. ‘வேகே’ என்று அவர்கள் சொல்லும் பகிர்வு வீடுகளிலும் இதே ஏற்பாடுதான். ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு, விளிம்பில் பெயர் எழுதிய ஸ்டிக்கர். அலமாரியில் ஆளுக்கொரு கதவு. சுவரில் ‘புட்ஸ்பிளான்’ எனப்படும் துப்புரவு அட்டவணை: இந்த வாரம் தரை யார், குப்பை யார், அடுப்பு யார் என்று. நான்கு அடுப்புகளில் ஒன்றில் நம் மாணவரின் குக்கர் ஏறியிருக்கிறது. மூன்றாவது விசில் வரும்வரை அவரால் நகர முடியாது. பக்கத்து அடுப்பில் பாஸ்தாவுக்குத் தண்ணீர் கொதிக்கக் காத்திருப்பவராலும் நகர முடியாது. முதல் விசிலுக்கு அவர் திடுக்கிட்டுத் திரும்புகிறார். அது என்ன என்கிறார். பருப்பு என்கிறார் இவர். அதற்குமேல் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. மறுநாள் அதே நேரத்தில் இருவரும் மறுபடி அங்கே நிற்பதுதான் முக்கியம். இரண்டு பேரும் எங்கேயும் போக முடியாமல் சும்மா நிற்கும் பத்து நிமிடங்களைப் படிப்பும் பார்ட் டைம் வேலையுமாக ஓடும் மாணவ வாழ்க்கையில் வேறு எங்கும் தேடிப் பிடிக்க முடியாது.

ஆகவே அறைக்குள் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சமைத்து, லேப்டாப் முன்னால் சாப்பிட்டு முடிப்பது நேர மிச்சம் போலத் தோன்றினாலும் பெரிய இழப்பு. பல விடுதிகளில் அதற்கு அனுமதியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். சுற்றக் கடைத்தெரு இல்லாத அந்த நாளில் மதியம் சமையலறையில் ஆள் இருக்கும். சாம்பார் வைக்க அதைவிட நல்ல நாள் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எபெசென் குழுவினர் 1976இல் வெளியிட்ட ஆய்வில், பிடிக்காதவர்கள் யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டார்கள். பிடிக்காதவர்களும் பக்கத்திலேயேதான் இருந்தார்கள்; நண்பர்களைவிட இன்னும் பக்கத்தில். நெருக்கம் நட்பை மட்டும் வளர்ப்பதில்லை. தொட்டியில் இரண்டு நாள் கிடக்கும் எண்ணெய்ச் சட்டி, இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பேசும் வீடியோ கால், துப்புரவு அட்டவணையில் தன் முறையை மறந்துவிடுவது, இவை அந்த 19 அடித் தூரத்தை எதிர்த் திசையில் வேலை செய்ய வைக்கும். நம் வீடுகளில் ஆண் பிள்ளைகளுக்குப் பாத்திரம் கழுவக் கற்றுத்தராமல் அனுப்புவது, அங்கே முதல் மாதத்திலேயே அவர்களுக்குப் பகையாக வந்து நிற்கிறது.

சரி, பக்கத்தில் இருந்தாயிற்று. எவ்வளவு நேரம் ஆகும்? கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்பியல் பேராசிரியரான ஜெஃப்ரி ஹால் இதைக் கணக்கிட்டார். புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்கள் ஒரு பக்கம், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மறுபக்கம். அவர்கள் சந்தித்த புதியவர்களோடு எத்தனை மணி நேரம் செலவழித்தார்கள், அந்தப் பழக்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார்; மாணவர்களை வாரக்கணக்கில் பின்தொடரவும் செய்தார். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம். நண்பர் என்று மனதாரச் சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பர் ஆக 200 மணி நேரத்துக்கு மேல். துல்லியமான எல்லைக்கோடுகளாக இவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது, சராசரிகள்தான். ஆனாலும் அளவு புரிகிறது. தினமும் ஒரு மணி நேரம் ஒருவரோடு சமைத்துச் சாப்பிட்டால்கூட, நெருக்கம் வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். மூன்றாவது வாரத்தில் “ஃபிரெண்ட்ஸ் யாரும் கிடைச்சாங்களா?” என்று கேட்பது விதைத்த மறுநாள் கதிரைத் தேடுவதுதான்.

ஹாலின் ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பு, பார்ட் டைம் வேலைக்குப் போகும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டியது. ஒன்றாக வேலை செய்த நேரமும் ஒரே வகுப்பில் உட்கார்ந்த நேரமும் நட்பாகப் பெரிதாக மாறவில்லை. கிடங்கிலோ உணவகத்திலோ ஒரே ஷிஃப்டில் மாதக்கணக்கில் பெட்டி தூக்கியவரோடு, வேலையை விட்டதும் தொடர்பு விட்டுப்போவது இதனால்தான். சும்மா சேர்ந்து சுற்றியது, விளையாடியது, சிரித்துப் பேசியது, “நேத்து என்ன ஆச்சு தெரியுமா” என்று ஆரம்பித்துக் கதை சொன்னது, இந்த மணி நேரங்களே கணக்கில் ஏறின. கூட வேலை செய்தவரோடு ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு காபி குடித்தால், அந்த அரை மணி நேரம் ஒரு முழு நாள் வேலையைவிட மதிப்பு பெறும்.

இனி மொழி. வெளிநாடு போன மாணவர்களில் பலர் சொல்வது ஒரே விஷயம்: “ஊர்ல நான் வாயாடி. இங்க வந்து ஊமை ஆயிட்டேன்.” இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் எனக்கு மிகவும் பிடித்தது.

நெதர்லாந்தில் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தைச் சேர்ந்த தான்யா ஸ்டீவர்ஸும் சகாக்களும், உலகின் வெவ்வேறு மூலைகளில் பேசப்படும் பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களைப் பதிவு செய்து அளந்தார்கள். ஜப்பானியம், டேனிஷ், கொரியன், லாவோ, மெக்சிகோவின் ட்ஸெல்டால் எல்லாம் அதில் உண்டு. ஒருவர் பேசி முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளி, எல்லா மொழிகளிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சராசரியாக 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. 2009இல் இதை வெளியிட்டார்கள். இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதற்கே, அதுவும் தாய்மொழியில், நமக்குக் குறைந்தது 600 மில்லி விநாடி ஆகிறது. ஒரு சொல்லுக்கே 600 தேவைப்படும் மூளை, முழுப் பதிலையும் 200இல் எப்படித் தொடங்குகிறது?

தொடங்குவதில்லை. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, பதிலைத் தயார் செய்துகொண்டு, வாசலில் காத்திருக்கிறது. கேட்பதும் பேசுவதும் நமக்குள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தினமும் ஆயிரம் முறை இதைச் செய்கிறோம், ஒருமுறைகூட உணர்வதில்லை.

இரண்டாவது மொழியில் இந்த ஊகம் தளர்ந்துவிடுகிறது. வாக்கியம் எங்கே போகிறது என்று தெரியாமல் கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டும். ஜெர்மனில் வினைச்சொல் பல நேரங்களில் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். தமிழிலும் அப்படித்தான் என்றாலும், பழகாத மொழியில் அந்தச் சொந்தம் உதவிக்கு வருவதில்லை. கேட்டு முடித்து, பொருள் புரிந்து, பதிலைக் கோத்து, வாய் திறக்கும்போது வேறொருவர் பேசிவிடுகிறார். நகைச்சுவைக்குச் சிரிப்பு அரை விநாடி தாமதமாக வருகிறது. எதிரில் இருப்பவரோ, இவருக்கு ஆர்வம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். பதில் வேகமாக வரும் உரையாடல்களில் மனிதர்கள் கூடுதலான ஒட்டுதலை உணர்கிறார்கள் என்று 2022இல் டார்ட்மவுத் கல்லூரி ஆய்வொன்று காட்டியது. ஆக, நம் மாணவர் தடுமாறுவது சில நூறு மில்லி விநாடிகளில்! அதைப் போய்க் குணக்குறை என்று எண்ணி அவர் அறைக்குள் ஒதுங்குவது எவ்வளவு பெரிய அநியாயம்.

சத்தம் இன்னொரு எதிரி. பின்னணி இரைச்சலில் நாலு எழுத்து காதில் விழாமல் போனால், தாய்மொழியில் மூளையே அதை நிரப்பிக்கொள்ளும். பிந்தைய வயதில் கற்ற மொழியில் அந்த நிரப்பும் திறமை குறைவு. பருவ வயதுக்குப் பின் ஆங்கிலம் கற்ற ஸ்பானிய மொழிக்காரர்கள், சிறு வயதிலேயே கற்றவர்களைவிட இரைச்சலில் அதிகம் தடுமாறினார்கள் என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும் பார்ட்டி, புதிதாக வந்தவருக்கு மிகக் கடினமான தேர்வுக்கூடம். அங்கே தோற்றுவிட்டு மனம் உடைவதில் அர்த்தமில்லை. அமைதியான இடம், ஓரிரு ஆட்கள், கைக்கு ஏதாவது வேலை, இவை போதும்.

பாடத் தெரிந்தால் இன்னும் நல்லது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதியோர் கல்வி வகுப்புகளில் சேர்ந்தவர்களை ஏழு மாதம் கவனித்தார்கள். கைவினை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் சேர்ந்தவர்களைவிடப் பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள் வெகு விரைவில் ஒட்டிக்கொண்டார்கள். ஏழு மாத முடிவில் எல்லா வகுப்புகளும் ஒரே அளவு நெருக்கத்துக்கு வந்துவிட்டன. ஆனால் பாடகர்கள் முதல் மாதத்திலேயே அங்கே நெருங்கியிருந்தார்கள். சேர்ந்து பாடும்போது யார் எப்போது பேசுவது என்ற அந்த 200 மில்லி விநாடிப் போட்டியே இல்லை. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் பாடகர் குழு உண்டு. 1723 முதல் 1750இல் இறக்கும்வரை இசையமைப்பாளர் பாக் பணி செய்த லைப்சிக்கில் பாடகர் குழுவைத் தேடி அலைய வேண்டியதே இல்லை.

தனிமை எப்படி வலிக்கிறது என்பதையும் மூளைக்குள் பார்த்திருக்கிறார்கள். எம்.ஐ.டி.யில் லிவியா டொமோவாவும் சகாக்களும் 40 பேரை ஒரு நாள் பத்து மணி நேரம் தனி அறையில், கைபேசிகூட இல்லாமல், இருக்கவைத்தார்கள். வேறொரு நாள் பத்து மணி நேரம் பட்டினி. தனிமைக்குப் பின் மனிதர்கள் சேர்ந்து சிரிக்கும் படங்களைக் காட்டியபோது நடுமூளையில் டோபமின் சுரக்கும் பகுதி எப்படிக் கிளர்ந்ததோ, பட்டினிக்குப் பின் உணவுப் படங்களைக் காட்டியபோதும் அதே போலக் கிளர்ந்தது. 2020இல் வெளியான இந்த முடிவு ஒன்றைத் தெளிவாக்குகிறது. தனிமை பசியைப் போல உடல் எழுப்பும் குரல். பசிக்கிறது என்று யாரும் வெட்கப்படுவதில்லை.

வெளிநாட்டு வாழ்க்கை முதலில் தேனிலவு போல இனிக்கும், பிறகு கசக்கும், கடைசியில் பழகிவிடும் என்று புது மாணவர்களுக்கான வகுப்புகளில் ஒரு வளைகோட்டை வரைந்து காட்டுவார்கள். அதற்கு ஆதாரம், நார்வேயிலிருந்து அமெரிக்கா போன 200 ஃபுல்பிரைட் அறிஞர்களைப் பற்றி ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் எழுதிய கட்டுரை. அவர் ஒரே ஆளைத் தொடர்ந்து கவனிக்கவில்லை. வெவ்வேறு காலம் தங்கித் திரும்பியவர்களை ஒப்பிட்டார், அவ்வளவே. பின்னாளில் காலின் வார்ட் குழுவினர் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை வந்த நாள்முதல் பின்தொடர்ந்து, 1998இல் வெளியிட்ட முடிவு வேறு: சிரமம் உச்சத்தில் இருந்தது இறங்கிய புதிதில்தான். பிறகு குறைந்துகொண்டே வந்தது. அந்த வளைகோட்டை இனி வரைந்து காட்டாமல் விடுவதே நல்லது. “எல்லாருக்கும் முதல் மாதம் ஜாலியா இருக்கே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்ற வீண் கலக்கத்தை அது உண்டாக்குகிறது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட 11 மணி நேரத்துக்கு மேல். லைப்சிக்கில் மிகக் குறுகிய டிசம்பர் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நம் விழித்திரையில் உருவங்களைப் பார்ப்பதைவிட வெளிச்சத்தை அளப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட சில நரம்பணுக்கள் இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமி கொண்டவை. அவை தரும் செய்தியை வைத்துத்தான் மூளையின் உட்கடிகாரம் தூக்கத்தையும் உற்சாகத்தையும் நேரப்படுத்துகிறது. அறை விளக்கு சில நூறு லக்ஸ். மேகம் மூடிய பகலிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். குளிர்காலத்தில் சோர்வு வந்து யாரையும் பார்க்கவே பிடிக்காமல் போனால், மதிய உணவுக்கு ‘மென்சா’ எனப்படும் பல்கலைக்கழக உணவகம்வரை நடந்து போய்வருவது கண்ணுக்கு மருந்து, கூடவே ஆள் பழக்கமும் ஆகும். வாரக்கணக்கில் சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

“தமிழ்ப் பசங்களோடயே சுத்திட்டு இருந்தா அங்க போய் என்ன பிரயோஜனம்?” என்று சீனியர்களும் பெற்றோரும் கேட்பதுண்டு. இந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டீஃபன் பாக்னரும் சகாக்களும் 1977இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர்களை ஆராய்ந்தபோது, அவர்களுக்கு மூன்று நட்பு வட்டங்கள் இருப்பதையும், ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலை செய்வதையும் கண்டார்கள். சொந்த நாட்டு நண்பர்கள், மனசுவிட்டுப் பேசவும் தன் பண்பாட்டில் தானாக இருக்கவும். உள்ளூர்க்காரர்கள், படிப்புக்கும் தொழிலுக்கும் ஊர் நடைமுறைக்கும். மூன்றாவது வட்டம், மற்ற நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள். சேர்ந்து ஊர் சுற்றவும் பொழுதுபோக்கவும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. காய்ச்சலில் படுத்தால் மிளகு ரசம் வைத்துக் கொண்டுவரும் மதுரைப் பையனும் வேண்டும். நகராட்சி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லும் ஜெர்மன் தோழியும் வேண்டும். ஜெர்மன் வகுப்பில் கூடவே தடுமாறும் கொலம்பிய மாணவர், இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறை ஆங்கிலமே ஆனாலும், பல நேரம் முதலில் நெருங்குபவர் அவர்தான். இருவரும் ஊருக்குப் புதிது, இருவருக்கும் மாலை நேரம் காலியாக இருக்கிறது.

புது நட்பு வரும்போது பழைய நட்பு என்னாகிறது? பின்லாந்தின் யாரி சரமாகியும் பிரிட்டனின் ராபின் டன்பாரும் சகாக்களும், பள்ளி முடித்துப் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ போன 24 பிரிட்டிஷ் இளைஞர்களின் கைபேசி அழைப்புகளை அவர்கள் சம்மதத்தோடு 18 மாதம் ஆராய்ந்தார்கள். அழைக்கப்படும் ஆட்கள் வெகுவாக மாறிப்போனார்கள். ஆனால் அதிகம் பேசும் முதல் ஆளுக்கு எவ்வளவு பங்கு, இரண்டாம் ஆளுக்கு எவ்வளவு, பத்தாம் ஆளுக்கு எவ்வளவு என்ற விகிதம் ஒவ்வொருவரிடமும் கைரேகை போல அப்படியே நிலைத்திருந்தது. மனதில் இருக்கும் இடங்கள் மாறுவதில்லை, உட்காருபவர்கள் மாறுகிறார்கள். பள்ளித் தோழன் முன்போல அழைப்பதில்லை என்றால் அதில் துரோகம் எதுவும் இல்லை. இதே இளைஞர் குழுவை வைத்து நடந்த தொடர் ஆய்வில் மிக முக்கியமான ஒரு வேறுபாடு தெரிந்தது. தொடர்பு குறைந்ததும் நண்பர்களோடான நெருக்கம் தேய்ந்தது. குடும்பத்தோடான நெருக்கம் தேயவில்லை.

இன்னொரு ஆறுதலும் உண்டு. எரிகா பூத்பியும் சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதல்முறை பேசிப் பிரிந்தவர்கள் இருவருமே, என்னை அவருக்கு அவ்வளவாகப் பிடித்திருக்காது என்று உண்மைக்கு மாறாக நினைத்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஒரே குடியிருப்பைப் பகிர்ந்த முதலாண்டு மாணவர்களிடம் இந்தத் தப்புக் கணக்கு மாதக்கணக்கில் நீடித்தது. அடுத்த அறைக்காரருக்கு உங்களை, நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே பிடித்திருக்கிறது. கதவைத் தட்டலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நாம் வேலையெல்லாம் முடித்து, படுக்கப் போகுமுன் பத்தரை மணிக்கு அழைத்தால் அங்கே மாலை ஆறு. சமையலறையில் ஆள் கூடும் நேரம், பாட்டு வகுப்பும் பேட்மிண்டனும் தொடங்கும் நேரம். தினமும் அந்த ஒரு மணி நேரத்தை நாம் எடுத்துக்கொண்டால், 200 மணி நேரக் கணக்கில் ஓர் ஆண்டில் ஒரு நெருங்கிய நண்பருக்கு மேல் போய்விடுகிறது. அங்கே காலை எட்டு என்றால் நமக்குப் பகல் பன்னிரண்டரை. அப்போது கூப்பிடுங்கள். குடும்பத்தோடான நெருக்கம் இதனால் குறையாது என்பதை மேலே பார்த்தோம். மாலையைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள்.